நூத்தறுபது கிராம்

படக்காரர் பண்ணின தப்பு ஒண்ணே ஒண்ணுதான். ஒரு வரி எழுதிட்டாரு.

எழுதாம இருந்திருந்தா அந்த லென்ஸ் அவரு சட்டைப்பையிலயே போயிருக்கும். அவ்வளவு சின்னது. உள்ளங்கையில வச்சு விரலை மடக்கினா வெளியில தெரியாது. வீட்டுல காய்கறி நிறுக்கிற தராசுல வச்சுப் பார்த்தாரு, நூத்தறுபது கிராம். பக்கத்துல நின்ன அவரு சம்சாரம், "ரெண்டு தக்காளி அளவுகூட வராது போல இருக்கே, இதுல என்னங்க படம் வரும்"னாங்க.

"கண்ணுக்கு என்ன தெரியுமோ அது வரும்"னாரு.

"கண்ணுக்குத்தான் தெரியுதே, அப்புறம் இது எதுக்கு?"

படக்காரர் லென்ஸைத் தராசுல இருந்து எடுத்துத் துடைச்சாரு. முப்பத்தி நாலு வருஷமா இதே கேள்விதான்.

அவரு வேலை பார்த்தது நிகழ்ச்சிப் பதிவுத் துறையில. பெரிய அதிகாரிங்க நாடா வெட்டுவாங்க, கை குலுக்குவாங்க, பொன்னாடை போர்த்திக்குவாங்க. இவரு அதைப் படம் எடுக்கணும். அதுக்குன்னு துறை ஒரு லென்ஸ் வச்சிருந்துச்சு, அம்மிக்குழவி சைஸ், ரெண்டரைக் கிலோ. அதைத் தூக்கித் தூக்கி படக்காரருக்கு வலது தோள் இடதை விட ஒரு அங்குலம் கீழ இறங்கிடுச்சு. தையல்காரர் அளவு எடுக்காமயே அந்தப் பக்கம் ஒரு அங்குலம் இறக்கித்தான் தைப்பாரு.

இப்ப துறைக்கு வெளிநாட்டுல ஒரு விருது கொடுக்கறாங்க. டைரக்டர் போய் வாங்கணும், படக்காரர் கூடப் போய்ப் படம் எடுக்கணும். விமானத்துல கையில தூக்கிட்டுப் போறது ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. முன்னல்லாம் கண்டுக்க மாட்டாங்க, இப்ப வாசல்லயே நிறுத்தித் தராசுல வைக்கறாங்க. கண்ணாடி சாமானைப் பெட்டியில போட்டு அனுப்பவும் முடியாது, தூக்கி வீசுவாங்க, பொடியாயிடும். படக்காரர் மூணு நாள் சாயங்காலம் உக்காந்து யோசிச்சாரு. குழவி வேண்டாம். தூரத்துல இருக்கிறதை இழுத்துக் காட்டற லென்ஸும் வேண்டாம், மேடை பத்தடி தூரம்தான். இந்தக் குட்டி லென்ஸ் போதும்னு முடிவு பண்ணினாரு.

அதுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. குட்டி லென்ஸ் வீட்டு வெளிச்சத்துலயே படம் பிடிக்கும். ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். ஃபிளாஷ் அடிச்சா சின்னப் புள்ளைங்க மிரளும்.

சின்னப் புள்ளை யாருன்னா, அவரு மக வயித்துப் பேத்தி. விருது கொடுக்கிற ஊருக்குப் பக்கத்து ஊர்லதான் மக குடும்பம் இருக்கு, பஸ்ல மூணு மணி நேரம். புள்ளைக்கு ரெண்டு வயசு. தாத்தா இன்னும் நேர்ல பார்க்கலை. டிக்கெட் விலை அவரோட அரை வருஷ சம்பளம், எங்க போறது? போன்லதான் பார்த்துக்குவாங்க. தினமும் போன்ல கேமராப் பையைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பை வருதுன்னா தாத்தா வர்றேன்னு அர்த்தம்"னு சொல்லி வச்சிருந்தாரு. புள்ளைக்கு மூஞ்சியை விட பை நல்லா மனப்பாடம்.

விருது விழா பத்தாம் தேதி. படக்காரர் ரிட்டையர் ஆகறது அதே மாசம் கடைசித் தேதி. இந்தத் தடவை விட்டா விட்டதுதான்.

சரி, அந்த ஒரு வரிக்கு வருவோம். மூணு மாசம் முன்னாடியே எழுதினாரு. "எடை காரணமாகப் பெரிய லென்சுக்குப் பதில் சிறிய லென்ஸ் (160 கிராம்) எடுத்துச் செல்கிறேன், தகவலுக்காக." கீழ கையெழுத்து. எதுக்கு எழுதினாருன்னா, முப்பத்தி நாலு வருஷமா அவரு எழுதிக் கொடுக்காம எதையும் செஞ்சதில்லை. ஒரு தடவை நெஞ்சு வலி வந்தப்பகூட "வலிக்கிறது, தகவலுக்காக"ன்னு எழுதி வச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு.

நாலாம் நாள் பதில் வந்துச்சு. குறிப்புக்கு நம்பர் போட்டாச்சு, பொருளை ஒப்படைக்கவும்.

கொண்டு போய்க் கொடுத்தாரு. ஒரு அட்டையில "லென்ஸ் – 1"னு எழுதி, ஃபைலுக்குள்ள அந்த ஒரு வரியை வச்சு, அட்டை, ஃபைல், லென்ஸ் மூணையும் சேர்த்து நாடாவால குறுக்க நெடுக்கக் கட்டினாங்க. அந்தத் துறையில அப்படி ஒரு விதி. ஒரு காலத்துல ஒரு நாற்காலிக்கு ஃபைல் திறந்தாங்களாம். நாற்காலியைக் கரையான் தின்னு பதினோரு வருஷம் ஆன பிறகும் அதுக்கு வருஷா வருஷம் பாலிஷ் போட்டதா ஃபைல்ல இருந்துச்சாம். அதுல இருந்து, பொருளும் ஃபைலும் எந்தக் காரணத்தைக் கொண்டும் பிரியக் கூடாது. புருஷன் பெண்டாட்டிக்குக்கூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது.

கட்டினது நேரா எடைப் பிரிவுக்குப் போச்சு. அங்க இருந்த மேலாளரைத் தராசம்மான்னு கூப்பிடுவாங்க. மேசை மேல ஒரு தராசு, அதுக்கு மேல தூசி படாம ஒரு பூப்போட்ட துணி. வர்றவங்களை உக்காரச் சொல்ல மாட்டாங்க, தராசுக்கு மட்டும் துணியை விலக்கிக் காத்து விடுவாங்க.

"படக்காரரே, நூத்தறுபதுன்னு எழுதியிருக்கீங்க. நானூத்திப் பத்து காட்டுது."

"அம்மா, ஃபைலோட சேர்த்து வச்சிருக்கீங்க."

"சேர்த்துதான வைக்கணும்."

"நாடாவை அவிழ்த்துட்டு லென்ஸை மட்டும் வச்சுப் பாருங்களேன்."

"அவிழ்த்தா, அவிழ்த்ததுக்கு ஒரு குறிப்பு எழுதணும். எழுதினா எடை கூடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." தராசம்மா உண்மையிலேயே அக்கறையாத்தான் சொன்னாங்க. "நீங்க ஒண்ணு பண்ணுங்க. இருநூத்தி அம்பது கிராம் வித்தியாசம் எப்படி வந்துச்சுன்னு ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துடுங்க. மூணு நகல்."

எழுதிக் கொடுத்தாரு. மூணு நகலும் ஃபைல்ல சேர்ந்துச்சு. அடுத்த வாரம் தராசு நானூத்தி அம்பது காட்டுச்சு. போன வாரம் நானூத்திப் பத்து இருந்த லென்ஸ் இந்த வாரம் எப்படி நாப்பது கிராம் கூடுச்சுன்னு விளக்கம் கேட்டாங்க.

படக்காரர் சுதாரிச்சுக்கிட்டாரு. அடுத்த விளக்கத்தைப் பஸ் டிக்கெட் அளவுத் துண்டுக் காகிதத்துல, எறும்பு எழுத்துல எழுதிக் கொடுத்தாரு. துண்டுக் காகிதம் ஃபைல்ல நிக்காதுன்னு அதை முழுத் தாள்ல ஒட்டினாங்க. தாள் மெலிசா இருக்குன்னு அட்டையில ஒட்டினாங்க. பசை எடை தனி.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்க. இங்க சுண்டைக்காயைக் காணோம்னு சுமைகூலிக்காரனே விளக்கம் கேட்கறான்.

வீட்டுல சம்சாரம் இதைக் கேட்டுட்டு அரிஞ்சுட்டிருந்த கத்தியைக் கீழ வச்சாங்க. "கேமராவைக் கழுத்துல மாட்டியிருந்தா அதை நிறுக்க மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப லென்ஸை அதுலயே திருகி மாட்டிக்கிட்டுப் பேசாம போயிருக்கலாமே."

"போயிருக்கலாம்."

"யாரு எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லலை"னாரு படக்காரர்.

சம்சாரம் மறுபடி கத்தியை எடுத்துக்கிட்டாங்க. அன்னைக்கு வெங்காயம் ரொம்பப் பொடியா இருந்துச்சு.

மாசம் ஒண்ணு ஆச்சு. லென்ஸ் ஒண்ணரைக் கிலோ. விமானத்துல இவ்வளவு கனமான லென்ஸ் போகலாமான்னு தராசம்மா டைரக்டருக்கு எழுத, டைரக்டர் கமிட்டி போட்டாரு. எடை குறைப்புக் கமிட்டி, ஒன்பது பேர். நீள மேசை, ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில், நடுவுல தட்டுல பிஸ்கட். பிஸ்கட் வாங்கின ரசீதும் ஃபைல்ல போச்சு. படக்காரருக்கு ஓரமா ஒரு முக்காலி.

டைரக்டர் பேச எழுந்தாரு. நல்லாப் பேசுவாரு. விருது அவருக்குச் சும்மா கிடைக்கலை.

"நண்பர்களே, நமக்குக் கிடைச்சிருக்கிறது காகிதக் குறைப்பு விருது. மூணு வருஷமா இந்தக் கட்டடத்துக் குப்பைக்கூடையில ஒரு கிராம் காகிதம் விழலை. தராசம்மா தினம் நிறுத்து எழுதி வச்சிருக்காங்க. எப்படி முடிஞ்சது? நாம எதையும் தூக்கிப் போடறதில்லை. எல்லாத்தையும் ஃபைல்ல வச்சுடறோம்." கை தட்டினாங்க. "அப்படிப்பட்ட துறை, ஒரு லென்ஸைக் கனமா எடுத்துட்டுப் போனா உலகம் சிரிக்கும். நான் இந்த லென்ஸ் வழியா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதை மட்டுமில்லை, எந்த லென்ஸ் வழியாவும் பார்த்ததில்லை. அதனாலதான் என்னால பாரபட்சம் இல்லாம முடிவெடுக்க முடியுது."

பாரபட்சம் இல்லாம இருக்கணும்னா ஒப்பிட்டுப் பார்க்கணும் இல்லையா? ஸ்டோர்ல இருந்து இன்னும் மூணு லென்ஸ் வரவழைச்சாங்க. ஒண்ணுல பூஞ்சை. ஒண்ணு பைனாகுலர்ல பாதி. மூணாவது டார்ச் லைட்டோட மூடி. மூணுக்கும் தனித்தனியா ஃபைல் திறந்து, தனித்தனியா நிறுத்து, மூணும் லாயக்கில்லைன்னு தனித்தனியா எழுதி, நாலு ஃபைலையும் ஒண்ணாக் கட்டினாங்க. ஒப்பிட்டதுல படக்காரர் தேர்ந்தெடுத்த லென்ஸ்தான் இருக்கிறதுலயே லேசானதுன்னு கமிட்டி ஏகமனதா முடிவு பண்ணுச்சு. அன்னைக்கு அது நாலே கால் கிலோ.

ரெண்டாவது மாசக் கடைசியில அஞ்சே முக்கால்.

படக்காரர் நேரா டைரக்டர்கிட்டயே போனாரு. "சார், ஃபைல்ல இருக்கிற பழைய தாள் கொஞ்சத்தை எடுத்துட்டா எடை குறைஞ்சுடும்."

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தாரு. வீட்டு வாசல்ல யாரோ செருப்பைக் கழட்டாம உள்ள வந்த மாதிரி ஒரு பார்வை.

"எடுத்து?"

"குப்பையில போட்டுடலாம் சார்."

"விருது வாங்கப் போற மாசத்துல, குப்பைக்கூடையில காகிதமா?"

படக்காரர் அப்படியே பின்னாலயே நடந்து வெளியில வந்துட்டாரு.

ஃபைலைக் குறைக்க முடியாது, அது ஆவணம். அப்ப மிச்சம் இருக்கிறது லென்ஸ்தான். லென்ஸைக் குறைக்க ஒரு நிபுணரைக் கூப்பிட்டாங்க. டைரக்டரோட மச்சினன், மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கிறவரு. லென்ஸை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாரு, மோந்துகூடப் பார்த்தாரு.

"மாமா, இதுல கனமே கண்ணாடிதான். ஃப்ரேம் ஒண்ணும் கிடையாது. கண்ணாடியைக் கழட்டிடலாம்."

படக்காரர் முக்காலியில இருந்து எழுந்துட்டாரு. "கண்ணாடி இல்லைன்னா படம் வராதுங்க."

"அப்படித்தான் எல்லாரும் பயப்படறாங்க"ன்னாரு நிபுணர். "நம்ம கடையில கண்ணாடி இல்லாத வெறும் ஃப்ரேம் வாங்கிட்டுப் போறவங்க எத்தனை பேர் தெரியுமா? அழகுக்குப் போட்டுக்கறாங்க. கண்ணு தெரியலைன்னு இதுவரைக்கும் ஒருத்தர் திரும்பி வந்ததில்லை."

"அவங்களுக்கு ஏற்கெனவே கண்ணு தெரியும் சார்."

"பார்த்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு"ன்னு நிபுணர் கமிட்டி பக்கம் திரும்பினாரு.

படக்காரர் டைரக்டரைக் கும்பிட்டாரு. "சார், படம் வராது. நிஜமாவே வராது."

"படக்காரரே, இந்தக் கமிட்டிக்குப் பேர் என்ன? எடை குறைப்பு. படம் வருதா வரலையாங்கறது வேற கமிட்டி."

"அது எப்ப சார் உக்காரும்?"

"படம் வரலைன்னு யாராவது எழுதிக் கொடுத்த பிறகு."

நிபுணருக்குக் கை நடுங்கும். அதனால லென்ஸை ஆடாம பிடிச்சுக்கப் படக்காரரையே கூப்பிட்டாங்க. முப்பத்தி நாலு வருஷம் ஆடாம கேமரா பிடிச்ச கை, நல்லா ஆடாமத்தான் பிடிச்சுக்கிச்சு. நிபுணர் திருப்புளியை விட்டு நெம்பி, ஒவ்வொரு கண்ணாடியா எடுத்துக் கைக்குட்டையில வச்சாரு. கோலி குண்டு அளவுல ஒண்ணு, சட்டைப் பொத்தான் அளவுல ஒண்ணு. கடைசிக் கண்ணாடி எடுத்ததும் படக்காரர் ஓட்டை வழியாப் பார்த்தாரு. அந்தப் பக்கம் டைரக்டர் பிஸ்கட் தின்னுட்டிருந்தது நல்லாத் தெளிவாத் தெரிஞ்சுச்சு.

கண்ணாடி தொண்ணூறு கிராம். எடுத்ததைப் பத்தி எழுதின குறிப்பு நூத்திப் பத்து கிராம்.

அன்னைக்கு சாயங்காலம் சம்சாரம் ஒரு குட்டி கவுன் வாங்கிட்டு வந்து கட்டில்ல விரிச்சு வச்சிருந்தாங்க. மஞ்சள் கலர், மார்ல ஒரு வாத்து. படக்காரர் அதைக் காய்கறித் தராசுல வச்சாரு. எழுபது கிராம்.

"படம் வராட்டிப் போகுது, விடுங்க"ன்னாங்க சம்சாரம். "புள்ளையைக் கண்ணாலயாவது பார்த்துட்டு வாங்க. மடியில வச்சு இதைப் போட்டு விடுங்க."

அவருக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. கண்ணு இருக்கு, மடி இருக்கு, டிக்கெட்டும் இருக்கு.

கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கடைசித் தடவை நிறுத்தாங்க. ஏழு கிலோ நாப்பது கிராம். கமிட்டியே மூச்சைப் பிடிச்சுக்கிச்சு. நிபுணர் வெறும் கூடா நின்ன லென்ஸையும் நாடாவுல இருந்து உருவிட்டாரு. அது எழுபது கிராம். பொருளும் ஃபைலும் பிரியக் கூடாதேன்னு ஒருத்தர் கேட்டாரு. "லென்ஸ் – 1"ன்னு எழுதின அட்டை ஃபைல் மேலதான இருக்குன்னு தராசம்மா காட்டினாங்க. ஆறு கிலோ தொள்ளாயிரத்தி எழுபது. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. தராசம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. இனிமே யாரும் இதைப் பத்தி ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாதுன்னு டைரக்டர் உத்தரவு போட்டாரு, வாய்மொழியா.

அப்படித்தான் ஏர்போர்ட்ல நிக்கற வரைக்கும் படக்காரருக்கு எழுத்துல எதுவும் வரலை.

அவரு முன்னாடியே போய் நின்னுட்டாரு. கழுத்துல லென்ஸ் இல்லாத கேமரா, மூஞ்சியில நடுவுல ஓட்டையோட தொங்குது. தோள்ல அந்தப் பை. பைக்குள்ள ஒரு துண்டு, பல் தேய்க்கிற பிரஷ், மஞ்சள் கவுன். டைரக்டர், தராசம்மா, நிபுணர் மூணு பேரும் வந்தாங்க. ஆளுக்கு ரெண்டு பெரிய பெட்டி, தள்ளுவண்டியில ஏத்தவே ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு. பெட்டியெல்லாம் கமிட்டியோட வரம்புக்குள்ள வராது.

"படக்காரரே, பையைக் கொடுங்க"ன்னாரு டைரக்டர்.

கொடுத்தாரு. தராசம்மா உள்ள இருந்த துண்டு, பிரஷ், கவுன் எல்லாத்தையும் எடுத்து அவரு கையில வச்சுட்டு, ஃபைலைப் பைக்குள்ள இறக்கி ஜிப்பை இழுத்தாங்க. அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காந்துச்சு.

"கௌம்புங்க, நல்லபடியா வீடு போய்ச் சேருங்க"ன்னாரு டைரக்டர்.

"சார், என் டிக்கெட்?"

"ஏழு கிலோ ஃபைலை யாராவது மடியில வச்சுக்கிட்டு ஆறு மணி நேரம் உக்கார முடியுமா? அதுக்கு ஒரு சீட் வேணும் இல்லையா?" டைரக்டர் குரல்ல கோபமே கிடையாது. "நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்களை எதுக்குக் கூட்டிட்டுப் போறோம்? லென்ஸைத் தூக்கிட்டு வர. லென்ஸ் ஃபைல்ல இருக்கு. ஃபைல் பையில இருக்கு. பையை நிபுணர் தூக்கறாரு. லென்ஸ் இல்லாத படக்காரர் வெறும் பயணி. வெறும் பயணியை அரசாங்கச் செலவுல கூட்டிட்டுப் போனா நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

"புள்ளை வந்து காத்துட்டிருக்கும் சார்."

"உங்க எடை என்ன?"

"அறுபத்தொண்ணு."

"லென்ஸ் நூத்தறுபது கிராம், நீங்க அறுபத்தொரு கிலோ. மொத்தம் அறுபத்தொரு கிலோ நூத்தறுபது கிராம் குறைச்சிருக்கோம். ஒரே பயணத்துல. இதை நான் மேடையில சொல்லப் போறேன். உங்க பேரையும் சொல்லுவேன்." தோள்ல தட்டினாரு. இறங்கின தோள்ல.

படக்காரர் தராசம்மா பக்கம் திரும்பினாரு. கவுனை நீட்டினாரு. "அம்மா, இதையாவது கொண்டு போய் எம் மககிட்ட கொடுத்துடுங்க. எழுபது கிராம்தான்."

தராசம்மா வாத்தைப் பார்த்தாங்க. மனசு இளகித்தான் போச்சு, மூஞ்சியில தெரிஞ்சுச்சு. "கொடுக்கறேனே. அதுக்கென்ன? ஒரு வரி எழுதிக் கொடுங்க."

படக்காரர் பேனாவை எடுத்தாரு. மூடியைக் கழட்டினாரு. அப்புறம் மூடியைப் போட்டுச் சட்டைப்பையில குத்திக்கிட்டு, கவுனை மடிச்சுக் கையிலயே வச்சுக்கிட்டாரு. முப்பத்தி நாலு வருஷத்துல அன்னைக்குத்தான் எழுத மாட்டேன்னுட்டாரு.

போன் அடிச்சுச்சு. மகதான்.

"அப்பா, நாங்க பஸ் ஏறிட்டோம். குட்டி தூங்கவே மாட்டேங்கறா, பை எங்க பை எங்கங்கறா. உங்க விமானம் கிளம்பிடுமா?"

உள்ள மூணு பேரும் பையும் வரிசையில நகர்ந்து போறது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சுச்சு.

"கரெக்டான நேரத்துக்கு வந்துடும் கண்ணு"ன்னாரு.

வீட்டுக்குப் போக முடியலை. பயணம் போகாதவருக்குப் பயண நாள் லீவு கிடையாது. ஆபீசுக்குப் போய் கேமரா ரூம்ல உக்காந்தாரு. அலமாரியில குழவி லென்ஸ் இருந்துச்சு, அதுக்குப் பக்கத்துல ஒரு கைக்குட்டை முடிச்சு. தொட்டுப் பார்க்கலை. எட்டு மணி நேரம் கழிச்சு மறுபடியும் போன். இந்தத் தடவை வீடியோ.

ஏர்போர்ட் வாசல், சனங்க, தள்ளுவண்டிங்க. மக மூஞ்சி பாதிதான் தெரியுது.

"அப்பா, நீங்க எங்க நிக்கறீங்க? உங்க ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் வந்துட்டாங்க. உங்க பைகூட வந்துடுச்சு."

"நான் இங்கதான் கண்ணு இருக்கேன். ஆபீஸ்ல."

மகளுக்குப் பின்னால யாரோ யாரையோ கட்டிப் பிடிச்சுச் சிரிச்சுட்டிருந்தாங்க.

"கரெக்டான நேரத்துக்கு வந்துடும்னு சொன்னீங்களே."

"விமானம்மா. விமானத்தைச் சொன்னேன்."

மக போனைக் கீழ இறக்கினா. அப்பத்தான் குட்டியைப் பார்த்தாரு. போன்ல எப்பவும் மூஞ்சி மட்டும்தான் தெரியும், இப்ப முழுசாத் தெரிஞ்சா. குட்டைக் கால், ஒரு செருப்பு கழண்டு கிடக்கு. பையைப் பார்த்ததும் ஓடிப் போயிருக்கா. அந்த ஊரு அதிகாரிங்க பையைத் திறக்கச் சொல்லியிருப்பாங்க போல, நிபுணர் ஃபைலை வெளியில எடுத்து, மேல் அட்டையை விலக்கி வச்சிருக்காரு. அது ரெண்டு வயசுப் புள்ளையோட நெஞ்சு உசரம் இருக்கு. ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு, வாயில பிஸ்கட்டோட, கன்னத்தை அதுல வச்சு அழுத்திக்கிட்டிருக்கா.

"தாத்தா"ன்னா. ஃபைலைப் பார்த்து.

டைரக்டர் மூஞ்சி போன்ல வந்துச்சு. "படக்காரரே, கார் வந்து நிக்குது. புள்ளை ஃபைலை விட மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

போனைக் குட்டி காதுகிட்ட வச்சாங்க.

"தங்கம்"னாரு படக்காரர். "விட்டுடு தங்கம். மாமாகிட்ட கொடுத்துடு."

தாத்தா குரல் கேட்டதும் குட்டி நிமிர்ந்தா. போனைப் பார்க்கலை. குரல் ஃபைலுக்குள்ள இருந்து வருதுன்னு நினைச்சுக்கிட்டா. சொன்ன பேச்சு கேக்கிற புள்ளை, கையை எடுத்துட்டா. குனிஞ்சு அது மேல ஒரு முத்தம் வச்சு, நிபுணர் தூக்கிட்டுப் போறப்ப கையை ஆட்டி, "தாத்தா டாட்டா"ன்னா. பஸ்ல திரும்பிப் போற மூணு மணி நேரமும் தாத்தா கனமா இருக்காருன்னு சொல்லிட்டே போனாளாம்.

விழா நல்லா நடந்துச்சு. மேடையில டைரக்டர் விருது வாங்கினதை நிபுணர் தன் போன்ல படம் எடுத்தாரு. டைரக்டர் தலை அதுல விழலை. ஃபைல் நல்லா விழுந்திருக்கு.

திரும்பி வந்த அன்னைக்கே தராசம்மா ஃபைலைத் தராசுல வச்சாங்க. போகும்போது ஆறு கிலோ தொள்ளாயிரத்தி எழுபது. வந்தது ஆறு கிலோ தொள்ளாயிரத்தி எழுபத்தி ரெண்டு. ரெண்டு கிராம் கூட. பிரிச்சுப் பார்த்ததுல, மேல் தாள்ல, படக்காரர் எழுதின அந்த ஒரு வரி மேலயே ஒரு ஈரக் கறை காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வட்டமா, பிஸ்கட் தூளோட.

ரிட்டையர் ஆக நாலு நாள் இருக்கு. மெமோ வந்துச்சு: ஆவணத்தின் மேல் காணப்படும் அந்நியப் பொருள் யாருடையது?

"என் பேத்தி வாய்"னு எழுதிக் கொடுத்தாரு. மூணு நகல்.

அரசாங்க ஆவணத்துல தனியார் வாய் இருக்கக் கூடாதுன்னு அந்த இடத்தைக் கத்தரிக்கோலால வட்டமா வெட்டி எடுத்துட்டாங்க. அந்த ஒரு வரியும் அதோட போச்சு. ஃபைல் பழைய எடைக்கு வந்துடுச்சு, விருதுக்குப் பக்கத்துல கண்ணாடி அலமாரியில வச்சுட்டாங்க.

ரிட்டையர் ஆன அன்னைக்கு மாலை போட்டாங்க. வேற என்ன வேணும்னு டைரக்டர் கேட்டாரு, பெருந்தன்மையா.

"அந்த வெட்டின துண்டு சார்."

"அதுக்கென்ன, தாராளமா. எழுதிக் கொடுங்க."

வேற வழியில்லாம எழுதிக் கொடுத்தாரு. துண்டுக்கு ஒரு ஃபைல் திறந்தாங்க, குறுக்க நெடுக்க நாடா கட்டினாங்க. அதாச்சு எட்டு மாசம். படக்காரர் திங்கக்கிழமை தவறாம அந்த ஆபீஸ் வாசல் பெஞ்சில வந்து உக்கார்றாரு, சட்டைப்பையில மஞ்சள் கவுன் மடிச்ச மாதிரியே இருக்கு. துண்டு இப்ப மூணே கால் கிலோவாம். இவ்வளவு கனத்தை வயசானவர் கையில தூக்கிட்டுப் போக அனுமதிக்க முடியாது, எடையைக் குறைக்கணும்னு தராசம்மா எழுதியிருக்காங்க. எதை எடுத்தா குறையும்னு பார்க்க உள்ள கமிட்டி உக்காந்திருக்கு. நிபுணரும் வந்திருக்காரு.